எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?
(வேலை ஒப்பந்தம் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்)



2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நம் அனகாபுத்தூர், பம்மல் வட்டாரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பலசரக்குக் கடை திடீரென்று பூட்டப்பட்டது. நாற்பத்திரண்டு நாள் ஷட்டர் திறக்கவில்லை. உள்ளே இருந்த மைதாவும் ரவையும் வண்டு பிடித்தன. எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் பாதி தேதி கடந்துவிட்டன. அந்தக் கடைக்கு நாம் அனுப்பிய பருப்புக்கும் அரிசிக்கும் வரவேண்டிய பாக்கி ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். நம்மைப்போல் இன்னும் நான்கைந்து மொத்த வியாபாரிகளுக்கும் பாக்கி இருந்தது.

கடைக்கு நஷ்டம் இல்லை. தீ விபத்து இல்லை. வேலை ஒப்பந்தத்தில் வந்த தகராறு ஒன்றே காரணம். அந்தத் தகராறு எப்படி வந்தது, வராமல் தடுத்திருக்க முடியுமா என்பதே இந்தப் பாடம்.

கடைக்காரர் நம் பக்கத்து ஊர்க்காரர்தான். இளம் வயதில் சிங்கப்பூர் சென்று, உழைத்து முன்னேறி, அங்கேயே குடியுரிமையும் பெற்றவர். பிறந்த மண்ணில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று முதல் போட்டுக் கடை திறந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் போனிலேயே வியாபாரம். இங்கே ஒரு மேலாளர், அவருக்குக் கீழே ஐந்து பேர்.

ஆறு வருடம் ஒழுங்காக நடந்தது. பிறகு இருப்புக் கணக்கில் ஒரு வித்தியாசம் வந்தது. முதலாளி கேள்வி கேட்டார், மேலாளருக்கு ரோஷம் வந்தது. ஒருநாள் இரவு சிங்கப்பூரிலிருந்து போனில் ஒரு வரிச் செய்தி வந்தது: நாளையிலிருந்து வரவேண்டாம். மேலாளர் சாவியைக் கொடுக்கவில்லை. அந்த மாதச் சம்பளம் நமக்கு யார் தருவது என்று மற்ற ஐவரும் அவர் பக்கம் நின்றுவிட்டார்கள்.

பாக்கியைக் கேட்கப் போன நம்மிடம் அந்த மேலாளர் சொன்னார்: “அண்ணாச்சி, ஆறு வருஷம் பொங்கலன்னிக்குக்கூடக் கடை திறந்திருக்கேன். அதுக்கு ஒரு வரிதான் பதிலா?”

முதலாளியுடனும் பேசினோம். அவர் சொன்னது: “அண்ணே, நான் பக்காவா அக்ரிமெண்ட் போட்டு வச்சிருக்கேன். எனக்கு என்ன பயம்?”

அந்த அக்ரிமெண்டைப் பிறகு நாமும் பார்த்தோம். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி எழுதியது. எட்டுப் பக்கமும் ஆங்கிலம். கையெழுத்துப் போட்டவர் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்.

நூறு வருடப் பாடம்

தூரத்தில் இருக்கும் முதலாளி, கையில் இருக்கும் ஒப்பந்தமே போதும் என்று நம்புவது புதிய கதை அல்ல. நம் சென்னையிலேயே நூறு வருடத்துக்கு முன் நடந்திருக்கிறது.

பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நம் பெரியவர்கள் பின்னி மில் என்பார்கள். பின்னி கம்பெனி வெள்ளைக்காரர் நடத்தியது. அங்கே வேலை செய்தவர்களின் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு ஆகிய இருவர். இருவரும் நம்மைப்போல் வியாபாரிகள் என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆலை ஆட்களின் கஷ்டம் ஆலை ஆபீசுக்குத் தெரியுமுன் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். கடன் பற்று ஏறுவதே அதற்குச் சாட்சி. அவர்கள் பி.பி. வாடியாவை அழைத்துவர, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் பொறுப்பேற்றார்.

1920 இறுதியில் ஆலையில் கதவடைப்பு. பின்னி கம்பெனி சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. வாடியாவும் சங்கத்தாரும் ஆட்களை வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டுகிறார்கள், அதற்கு நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. கோர்ட்டும் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய சட்டப்படி கம்பெனிக்கு ஜெயம். 1921 ஜனவரியில் சமரசம் ஆயிற்று. வாடியா சங்கத்தை விட்டு விலகினார், கம்பெனி வழக்கைக் கைவிட்டது.

ஆனால் தகராறு தீர்ந்ததா? அதே 1921 ஜூனில் மீண்டும் வேலைநிறுத்தம் வெடித்தது. மாதக்கணக்கில் நீண்டது. புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச் சேதம். இன்னொரு பக்கம், இப்படி ஒரு தடை உத்தரவு வாங்க முடிகிறதே என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று 1921லேயே என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று பதிவு பெற்ற சங்கத்தின்மேல் சிவில் வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்தப் பாதுகாப்பு இன்றைய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

பின்னி கம்பெனி ஒரு வழக்கில் ஜெயித்தது. அந்த ஜெயமே சட்டம் மாறுவதற்குக் காரணமாயிற்று.

நம் காலத்துக்கு வருவோம். சுங்குவார்சத்திரம் அருகே உள்ள கொரியாவின் சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தை அங்கீகரிப்பதே முக்கியக் கோரிக்கை. ஆலை அருகே கோஷம் போடவும் கூடவும் தடை கேட்டு இந்தக் கம்பெனியும் கோர்ட்டுக்குப் போனது. ஆனால் அக்டோபர் 15ல் வேலைநிறுத்தம் முடிந்தது, அமைச்சர்களும் அதிகாரிகளும் இருதரப்பையும் உட்கார வைத்துப் பேசிய பிறகுதான். 2025 ஜனவரியில் சங்கமும் பதிவாயிற்று.

மறைமலைநகரில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அங்கே 2022 ஜூலையில் உற்பத்தி நின்றது. ஆட்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. இடையில் வேலைநிறுத்தமும் நடந்தது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் ஒரு வருடச் சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம். முடிவில் தீர்ந்தது அதைப்போல் பல மடங்கில்.

இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல்களுக்கா பஞ்சம்? ஒப்பந்தம் எழுதத் தெரியாதா? இருந்தும் தகராறு தீர்ந்த இடம் பேச்சு மேஜைதான். ஆகவே ஒப்பந்தம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த ஒப்பந்தம் நம்மைக் காக்கும், எது காக்காது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காக்காத நான்கு வரிகள்

சிங்கப்பூர் முதலாளியின் எட்டுப் பக்கத்தில் அவர் மிகவும் நம்பியவை நான்கு வரிகள். லேபர் ஆபீசில் நான்கும் நிற்கவில்லை.

முதல் வரி: “தகராறு வந்தால் சிங்கப்பூர் சட்டப்படி தீர்க்கப்படும்.” சரக்கு வாங்கி விற்கும் இரு கம்பெனிகள் இப்படி எழுதிக்கொள்ளலாம். ஆனால் இங்கே வேலை செய்யும் ஆளுக்கு இங்குள்ள தொழிலாளர் சட்டம்தான் பொருந்தும். முதலாளி லண்டனில் இருந்தாலும், சியோலில் இருந்தாலும், திருநெல்வேலியில் இருந்தாலும் அனகாபுத்தூர்க் கடைக்குத் தமிழ்நாட்டுச் சட்டம். சட்டம் கொடுத்த உரிமையை ஒப்பந்த வரி எடுத்துவிட முடியாது.

இரண்டாம் வரி: “காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.” 1947ஆம் வருடத்திய தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த ஆளை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக்கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆள் தவறு செய்தார் என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். இருப்பில் வித்தியாசம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் முதலாளி ஒரு கேள்வித்தாளும் கொடுக்கவில்லை, ஒரு பதிலும் எழுதி வாங்கவில்லை. போனில் வந்த ஒரு வரி விசாரணை ஆகாது.

“அவர் மேலாளர், அவருக்கு இந்தச் சட்டம் கிடையாது” என்று முதலாளி தரப்பில் வாதம் வந்தது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பெயர்ப் பலகை போதாது, செய்யும் வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். ஆளை நியமிக்கவும், லீவு கொடுக்கவும், செக்கில் கையெழுத்துப் போடவும் அவருக்கு அதிகாரம் இல்லை. பில் போட்டார், மூட்டை எண்ணினார். எல்லாவற்றுக்கும் சிங்கப்பூருக்குப் போன் செய்து கேட்டார். அப்படிப்பட்டவர் பெயருக்குத்தான் மேலாளர்.

மூன்றாம் வரி: “வேலையை விட்டபின் இரண்டு வருடம் பத்துக் கிலோமீட்டருக்குள் இதே தொழில் செய்யக்கூடாது.” இதை நம் வியாபாரிகள் பலரும் விரும்புவார்கள். ஆனால் 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டிக் கடைக்கு உழைக்கக்கூடாது என்று எழுதினால் அது நிற்கும். செஞ்சுரி நூற்பாலை வழக்கில் 1967ல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஹாலந்து நாட்டுக் கம்பெனியிடமிருந்து பெற்ற தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர், ஒப்பந்த காலம் முடியுமுன் போட்டி ஆலைக்குப் போன வழக்கு அது. ஒப்பந்த காலம் முடிந்தபின் கட்டிப்போட முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் நியாயமான ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற வரி நிற்கக்கூடும். ஒரு வங்கி ஊழியர் மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. புதிதாக ஆள் எடுக்க வங்கிக்கு ஆகும் செலவை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. பத்தாயிரம் சம்பளக்காரரிடம் இரண்டு லட்சம் கேட்டால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

நான்காம் வரி: “பாக்கி ஏதும் இருந்தால் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம்.” இதைப்பற்றி நாம் பிறருக்குப் பாடம் சொல்லுமுன் நமது குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும்.

நம் கடையில் நடந்தது

2017ல் நம் மண்டியில் பதினொரு வருடம் கணக்குப் பார்த்த தம்பி விலகினார். அவர் தங்கை கல்யாணத்துக்கு அறுபதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். ரசீது வாங்கவில்லை. நம் சிட்டையில் ஒரு வரி எழுதியதோடு சரி. அவர் இன்னொரு மண்டியில் சேர்கிறார் என்று கேள்விப்பட்டதும் நமக்குக் கோபம் வந்தது. கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தினோம். அவர் எப்போதோ நம்மிடம் கொடுத்து வைத்த பள்ளிச் சான்றிதழையும் கொடுக்கவில்லை.

அவர் லேபர் ஆபீசுக்குப் போனார். அதிகாரி நம்மிடம் நான்கு கேட்டார்: நியமனக் கடிதம், சம்பளப் பதிவேடு, வேலை நேரப் பதிவேடு, அட்வான்ஸ் ரசீது. நம்மிடம் நான்கும் இல்லை. அந்தத் தம்பி தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்ததாகச் சொன்னார். சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டைச் சம்பளம். கணக்குப் போட்டால் நாம் கேட்கும் அறுபதாயிரத்தைவிட அவர் கேட்கக்கூடியது அதிகம். மறுக்க நம்மிடம் ஒரு தாளும் இல்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்பது உண்மைதானே.

அட்வான்சை விட்டுக்கொடுத்து, சம்பளத்தைக் கொடுத்து, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானமாகப் போனோம். வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “அண்ணாச்சி, மாசம் இரண்டாயிரம் கட்டுன்னு சொல்லியிருந்தா கட்டியிருப்பேன். சர்டிபிகேட்டைப் பிடிச்சு வச்சதுதான் மனசுக்கு ஆகலை.” அறுபதாயிரம் போனதைவிட அந்தப் பேச்சுதான் நமக்கு இன்றும் உறுத்துகிறது.

அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் புத்தி நம் வர்க்கத்துக்குப் பழையது. 1859ல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. அட்வான்ஸ் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. அதைக் கேட்டு வாங்கியவர்கள் கல்கத்தாவின் ஐரோப்பிய வியாபாரிகள் சங்கத்தார். 1925ல் அது ரத்தாயிற்று. 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்று கடனைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுத்தால் தடுத்தவருக்குத்தான் சிறை. அட்வான்ஸ் என்பது கடன். கடனை வசூலிக்க வழி உண்டு. ஆளைப் பிடித்துவைக்க வழி இல்லை.

காக்கும் ஆறு காரியங்கள்

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய தொழில் தகராறுச் சட்டம், பணிக்கொடைச் சட்டம் முதலியவை இவற்றுள் அடங்கிவிட்டன. நம் மாநிலத்தின் கடைகள் சட்டம் தனியாக இருக்கிறது. இவற்றை மனத்தில் வைத்து, கடை நம்முடையதானாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவினருடையதானாலும் செய்ய வேண்டியவை இவை.

1. நியமனக் கடிதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இது கட்டாயம். அதற்குக் குறைவானாலும் கொடுத்துவிடுவதே நல்லது. ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், வேலை நேரம், வார விடுமுறை, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, படித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

2. முதலாளியின் இடத்தில் ஒருவர். வெளிநாட்டு முதலாளிகளின் பெரிய குறை இதுதான். கோபம் வந்தால் பேச ஆள் இல்லை, சமாதானம் செய்ய ஆள் இல்லை. சம்பளம் கொடுக்கவும், விசாரணை நடத்தவும், நோட்டீஸ் வாங்கவும், லேபர் ஆபீசில் ஆஜராகவும் உள்ளூரில் ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அவர் கடை மேலாளராக இருக்கக்கூடாது. மேலாளருடனேயே தகராறு வந்தால் யார் பேசுவது?

3. சாவியும் கணக்கும். கடைச் சாவி, ஜி.எஸ்.டி. கணக்கின் ரகசியச் சொல், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒருவரிடமே விடக்கூடாது. மாதம் ஒருமுறை இருப்பு எடுத்து இருவர் கையெழுத்துப் போட்டால், வருடக் கடைசியில் வித்தியாசம் என்ற பேச்சே எழாது.

4. அட்வான்ஸ் சீட்டு. எவ்வளவு, எந்தத் தேதி, மாதம் எவ்வளவு பிடித்தம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சான்றிதழ், ஆதார் அட்டை, ரேஷன் கார்டு எதையும் வாங்கி வைக்க வேண்டாம். நகல் போதும்.

5. தவறு கண்டால் முதலில் கேள்வி. என்ன தவறு என்று எழுதிக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, பதிலை எழுதி வாங்கி, அதன்பின் முடிவு செய்யுங்கள். பாதிச் சமயம் பதில் வரும்போதே தவறு நம்முடையது என்று தெரிந்துவிடும்.

6. விலகும்போது கணக்கு. ஆள் தானே விலகினாலும், நாம் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறையாத கடையில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஒரு வருடம் முடித்தாலே உண்டு. கணக்கு எளிது: மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சேவை வருடத்தால் பெருக்குங்கள். 15,600 ரூபாய் சம்பளக்காரருக்கு ஒரு நாள் 600 ரூபாய், ஒரு வருடத்துக்கு 9,000, எட்டு வருடத்துக்கு 72,000. இதை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தால் பாரம் தெரியாது. ஒரே நாளில் எடுத்துக் கொடுக்க வந்தால் முதல் ஆடிப்போகும்.

இ.எஸ்.ஐ. பத்துப் பேர், வருங்கால வைப்பு நிதி இருபது பேர் என்ற எண்ணிக்கையையும் மறக்க வேண்டாம். மேற்படி எல்லாவற்றிலும் ஐயம் வந்தால் வழக்கு வருமுன் வக்கீலைக் கேளுங்கள். வந்தபின் கேட்டால் பீஸ் அதிகம், பயன் குறைவு.

முடிவாக

சிங்கப்பூர் முதலாளி கடைசியில் விமானம் ஏறி வந்தார். லேபர் ஆபீசில் மேலாளரோடு எதிரெதிரே உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் இருவரும் அப்படி உட்கார்ந்து பேசியது அதுவே முதல் தடவை என்று பிறகு நம்மிடம் சொன்னார். இருப்பு வித்தியாசத்தில் பெரும்பகுதி, திருப்பி அனுப்பிய சரக்கைக் கணக்கில் கழிக்காமல் விட்டதால் வந்தது என்று தெரிந்தது. ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும் நின்றுபோன சம்பளமும் கொடுத்துத் தீர்த்தார்கள். மேலாளர் திரும்பி வரவில்லை. மற்ற ஐவரில் மூவர் வந்தார்கள். நம் பாக்கியில் பாதி உடனே வந்தது. மீதி வர ஒன்றரை வருடம் ஆயிற்று.

ஒருநாள் கேள்வியில் முடிந்திருக்க வேண்டியதற்கு நாற்பத்திரண்டு நாள் வியாபாரம் போயிற்று. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். எழுதிய ஒப்பந்தமும், வாங்கியவருக்குப் புரியாவிட்டால் எழுதாக் கடன்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடியபின் நம் கடைப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் இங்கே கடை வைத்திருந்தால் இந்தப் பக்கங்களை அவருக்கும் அனுப்பி வைப்போம். சரக்கைக் கடனாகக் கொடுத்திருக்கும் நமக்கும் அதில் நலன் இருக்கிறது.